கிளம்புகிற நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி

பட்டாளத்துக்காரர் வீட்டுப் பெண்ணைப் பார்த்து ஊரே சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "தைரியமா இரும்மா." 2025 மே 7-ம் தேதி விடிகாலையில் எல்லைக்கு அப்பால் தாக்குதல் நடந்ததாகச் செய்தி வந்ததிலிருந்து 10-ம் தேதி மாலை சண்டை நின்றது வரைக்கும், வடக்கே ஆள் இருக்கிற வீடுகளில் இந்த வாக்கியம் எத்தனை தடவை விழுந்திருக்கும் என்று கணக்கே இல்லை. பால் ஊற்றுகிறவர் சொல்வார், ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்கிற அக்கா சொல்வார், வருடக்கணக்கில் பேசாத பங்காளி வீட்டிலிருந்து வந்தும் சொல்வார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வருடாந்தர விடுப்பு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள், இரண்டும் முழுசாகக் கிடைத்தாலும் மீதி ஒன்பது மாதம் தனியாகக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தைரியத்தை யாரும் கைமாற்றாகத் தர வேண்டியதில்லை. வீரரின் கல்யாணத்தையும் பிள்ளைகளையும் ராணுவம் பதிந்துகொள்ளும் பார்ட் டூ ஆர்டரில் உன் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது. அதைக் கேட்க மிகத் தோதான நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் கேட்டால்தான் அபசகுனம் என்றும் வைத்திருக்கிறோம்.

லீவு கட்

விடுப்பில் வந்து பன்னிரண்டாவது நாள் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டிலிருந்து போன். உடனே திரும்ப வேண்டும். கார்கில் சமயத்தில், 1999-ல், இதே செய்தி தந்தியாக வந்தது. 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது, இப்போது சீனியர் ஒருவரின் அரை நிமிட அழைப்பு. அதிலிருந்து ரயில் ஏறும்வரை வீட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சாயங்காலமும் ஒரு ராத்திரியும். டிக்கெட் உறுதி இல்லாவிட்டாலும் போயாக வேண்டும்; சென்ட்ரலில் ராணுவத்தினர் பயணத்தைக் கவனிக்கும் எம்.சி.ஓ. அலுவலகத்தில் மிலிட்டரி கோட்டா கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுவார்கள்.

அந்தச் சாயங்காலம் எப்படிப் போகும் என்று எல்லாப் பட்டாளத்து வீட்டுக்கும் தெரியும். ஒருத்தர் முறுக்கு பிழிய உட்காருவார். ஒருத்தர் எலுமிச்சை ஊறுகாயை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, எண்ணெய் கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் பாலித்தீன் வைத்து, ரப்பர் பேண்ட் போடுவார். பருப்புப்பொடி ஒரு கிலோ, நண்பர்களுக்கும் சேர்த்து. சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து காபி குடித்து எழுந்திருக்க ஒன்பதரை ஆகிவிடும். இவ்வளவுக்கும் நடுவில் அவள் பீரோவைத் திறந்து, "என்னங்க, இன்ஷூரன்ஸ்ல நாமினி யாருன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டால் என்ன ஆகும்? மாமியார் சமையலறையிலிருந்தே சொல்வார்: "கிளம்புற நேரத்துல நல்ல பேச்சா பேசும்மா."

அதோடு பேச்சு முடிந்துவிடும். கணவரும் "அதெல்லாம் யூனிட்ல இருக்கு, பாத்துக்கலாம்" என்பார். என் அபிப்பிராயம், இந்த ஒரு இடத்தில் அவள் விட்டுக்கொடுக்கக் கூடாது. முறுக்கு இல்லாமல் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். இந்தப் பேச்சு இல்லாமல் போனால், அவர் நல்லபடியாக இருந்தாலும்கூட அடுத்த ஆறு மாதம் அவள் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நின்று திரும்பி வருவாள்.

முதலில் பெயர். பட்டாளத்தில் ஒருவர் கல்யாணம் செய்தால், பிள்ளை பிறந்தால், அது யூனிட் மூலமாகப் பார்ட் டூ ஆர்டராக வெளியாகி, ரெக்கார்டு ஆபீசில் அவருடைய சர்வீஸ் ஏடுகளில் ஏற வேண்டும். ஏறாதவரை, ஊர் கூடித் தாலி கட்டியிருந்தாலும், ராணுவத்தின் கணக்கில் அவர் பிரம்மச்சாரி. நெருங்கிய உறவு என்ற இடத்தில் அப்பா அம்மா பெயர்தான் இருக்கும். டிபெண்டன்ட் கார்டு, மிலிட்டரி ஆஸ்பத்திரி, குடும்பக் குவார்ட்டர்ஸ் எல்லாம் இந்த ஒரு ஆர்டரிலிருந்துதான் கிளைவிடுகின்றன. ஆர்டருக்குத் திருமணப் பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். பட்டாளத்துக்காரர் கல்யாண லீவு முப்பது நாளில் முடிந்துவிடுகிறது, அதில் பாதி விருந்துக்கே போய்விடுகிறது. பதிவை அடுத்த லீவுக்குத் தள்ளிப் போடுகிறார்கள். அடுத்த லீவில் கைக்குழந்தை வந்துவிடுகிறது. இப்படி இரண்டு ஆர்டர் நிலுவையில் நிற்கிற வீடுகள் கொஞ்சநஞ்சமல்ல.

ஏறியிருந்தாலும் எப்படி ஏறியிருக்கிறது என்பது அடுத்த கதை. தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியலோடு மு. தமிழ்ச்செல்வி. ஆதாரில் கணவர் பெயரைப் பின்னால் சேர்த்து தமிழ்செல்வி குமார், 'ச்' கிடையாது. யூனிட் கிளார்க் வடநாட்டுக்காரர். சர்நேம் என்ன என்று கேட்டிருப்பார், அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை என்று சொல்ல அவள் கணவருக்கு ஹிந்தி போதவில்லை. 'தமில் செல்வி' என்று இரண்டு சொல்லாக உடைந்து ஏறியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து வெறும் டி-யா, டி-யும் எச்-சுமா. 'ழ'வுக்கு எல்-லா, இசட் எச்-சா? ஒரே ஆளுக்கு நாலு பெயர். இன்றைக்குப் பென்ஷன் முழுக்க ஸ்பர்ஷ் என்ற கணினி முறையில் நடக்கிறது. கிளார்க் என்றால் பார்த்துப் புரிந்துகொண்டு விட்டுவிடுவார்; கணினி ஒரு எழுத்துக்காக நிறுத்தி வைக்கும். கணவர் பணியில் இருக்கும்போது இதைத் திருத்துவது சுலபம்: நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட், ஆதார் நகல், பள்ளிச் சான்று நகல், யூனிட் வழியாக ஒரு விண்ணப்பம், ஒரு புது பார்ட் டூ ஆர்டர். அவர் இல்லாத காலத்தில் இதே வேலைக்கு பேப்பர் விளம்பரம், கெஜட், ரெக்கார்டு ஆபீசுக்கு மாறி மாறிக் கடிதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

ரெக்கார்டு ஆபீஸ் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் டெல்லியில் இருக்கிறது என்று நினைக்கிற வீடுகள் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத். கடிதம் எங்கே எழுதினாலும் படை எண் இல்லாமல் அது குப்பைக்குப் போகும். எண்ணையும் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் சேர்த்து மனப்பாடமாகத் தெரிய வேண்டும். இதிலும் ஒரு சிக்கல்: ஹவில்தாராக இருந்தவர் நாயப் சுபேதார் ஆனால் எண்ணே மாறிவிடும், ஜே.சி. என்று தொடங்கும் புது எண் வரும். பதினெட்டு வருடம் பழைய எண்ணை மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் புதியதை எழுதி வைக்க மறந்துவிடுகிறார்கள்.

பிறகு பணம். சம்பளக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால், ஏ.டி.எம். கார்டையும் நாலு எண்ணையும் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அது பாதி வழிதான். ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும்; போன் சிக்னல் இல்லாத உயரத்தில் அணைந்து கிடக்கும். ஸ்கூல் ஃபீஸை நெட்டில் கட்ட முடியாது. கார்டு பிளாக் ஆகிவிட்டால் புதுக் கார்டு கேட்கக்கூட அவருடைய கையெழுத்து வேண்டும். செய்ய வேண்டியது இது: இருவர் பெயரிலும், இருவரில் எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கு என்ற முறையில் ஒரு கணக்கு; அதில் அவள் பெயருக்குத் தனிக் கார்டு, அவள் கைபேசி எண். சம்பளக் கணக்கிலிருந்து மாதம் 2-ம் தேதி ஒரு குறிப்பிட்ட தொகை தானாக அங்கே வந்து விழும்படி வங்கியில் ஒரே ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் போதும். மாமியாருக்குத் தனியாக ஒரு தொகை அதே மாதிரிப் போகட்டும். 'மருமகள் கையில் வாங்க வேண்டியிருக்கிறது' என்ற பேச்சுக்கு இடமே வராது. பட்டாளத்து வீட்டுச் சண்டையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

எல்லைப் பக்கம் பணியில் இருக்கும்போது மட்டும் வரும் ஃபீல்டு படியை நம்பித் தவணை போடுவது இன்னொரு குழி. சியாச்சினில் இருக்கிற ஜவானுக்கு மாதம் 30,000 ரூபாய் தனிப்படி என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். மற்ற உயரமான இடங்களுக்கு அதைவிடக் குறைவு, ஆனாலும் கணிசம். அந்த மாதங்களின் வரவைப் பார்த்துவிட்டு வீட்டுக் கடன் தவணையை ஏற்றிக்கொள்கிறார்கள். யூனிட் பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது எல்லையை விட்டு உள்நாட்டு முகாமுக்கு, இறங்கியதும் படி நின்றுவிடும், தவணை நிற்காது. தவணை அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்துப் போடுவது. படி வருகிற மாதத்தில் வருவது அஞ்சலகத்துக்குப் போகட்டும்.

கடைசியாக அந்தக் கேள்வி. ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸ், வருங்கால வைப்பு நிதி, வங்கியின் சம்பளக் கணக்கோடு ஒட்டி வரும் விபத்துக் காப்பீடு, இவை எல்லாவற்றுக்கும் நாமினி தனித்தனி. கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரை எழுதியவர் அப்படியே விட்டிருப்பார். மனைவிக்கு இவ்வளவு, பெற்றவர்களுக்கு இவ்வளவு என்று சதவீதமாகப் பிரித்து எழுதலாம். குடும்ப ஓய்வூதியம் மட்டும் நாமினி விஷயம் இல்லை, அது விதிப்படி மனைவிக்குத்தான் முதலில். ஒரு வீட்டில் மகனை இழந்த தாயும் கணவனை இழந்தவளும் கோர்ட்டு வாசலில் எதிரெதிராக நிற்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அங்கே பேராசை காரணமாக இருக்காது. யாருக்கு எவ்வளவு என்று அவர் ஒரு தாளில் எழுதாமல் போனதுதான் காரணம். அந்தச் சாயங்காலம் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அவர் இதைச் சொல்லிவிடலாம். பத்து நிமிடம் ஆகும். அம்மா அழுவார். அழட்டும்.

"வடக்கேதான் இருக்காரு"

அவர் போன பிறகு வெளியே சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான்: வடக்கே இருக்கிறார். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று பலருக்கும் ஆவல் இருக்கும். மனைவிக்கே பல சமயம் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. கடித உறையைப் பாருங்கள்: எண், பதவி, பெயர், கம்பெனி, யூனிட், ஒன்பதில் தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு, கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையம். கிழக்குப் பக்கம் என்றால் 99 ஏ.பி.ஓ. ஊர்ப் பெயர் எங்கேயும் கிடையாது. அதுதான் அந்த முகவரியின் நோக்கமே. அக்கறையாக 'ஜம்மு' என்று அடியில் சேர்த்து எழுதினால், ரகசியமும் போகும், கடிதமும் சிவில் தபாலில் சுற்றிக்கொண்டு கிடக்கும். பிள்ளைகள் கையில் போன் இருக்கிற காலத்தில் இதை அவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். யூனிஃபார்மில் அப்பா படம், பின்னால் மலை, தோளில் யூனிட் அடையாளம், "மிஸ் யூ டாடி" என்று ஒரு ஸ்டேட்டஸ்; ரகசியம் வெளியே போக அது போதும்.

மௌனம்தான் மிகக் கடினம் என்பார்கள். அந்த மௌனத்தில் வந்து விழுகிற அரைகுறைச் செய்தி அதைவிடக் கொடுமை. 2020 ஜூன் 15 இரவு கல்வான் மோதல். 16-ம் தேதி மதியம் வந்த முதல் அறிக்கையில் ஓர் அதிகாரி, இரண்டு வீரர்கள், மொத்தம் 3 பேர். அந்த மூவரில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. இரவு வந்த இரண்டாவது அறிக்கையில் எண்ணிக்கை 20. மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவே லடாக்கில் ஆள் இருந்த ஒவ்வொரு வீட்டிலும், 'நம்மாள் அந்த மூணு பேரில் இல்லை' என்று ஒரு மூச்சு விட்டிருப்பார்கள். பிறகு அந்த மூச்சைத் திரும்ப உள்ளே இழுத்திருப்பார்கள். டி.வி.யை அணைத்து வைப்பது கோழைத்தனமல்ல. உறுதியான தகவல் யூனிட்டிலிருந்தோ, மாவட்ட நிர்வாகத்திடமிருந்தோதான் வரும். அதே யூனிட்டில் கணவர் இருக்கிற இரண்டு பெண்களின் எண் கையில் இருந்தால் வாட்ஸ்அப் பட்டியல்கள் எதையும் பார்க்க வேண்டியதில்லை; ஒருத்தி கணவர் பேசியிருந்தால், கூட இருக்கிறவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார்.

காயம் பற்றிய தகவல் வந்தால் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். ராணுவ ஆஸ்பத்திரியில் இரண்டு பட்டியல்: டி.ஐ.எல். (டேஞ்சரஸ்லி இல் லிஸ்ட்), எஸ்.ஐ.எல். (சீரியஸ்லி இல் லிஸ்ட்). முதலாவதுதான் உயிருக்கு ஆபத்து. இரண்டாவதில் 'சீரியஸ்' என்ற சொல் வருகிறது. நம் ஊரில் 'சீரியஸ்' என்றால் ஆள் பிழைக்கமாட்டார் என்று அர்த்தம், அங்கே அது ஒரு படி கீழே. "சீரியஸ் லிஸ்ட்ல இருக்கார்" என்று போனில் கேட்டுவிட்டு வீடே ஒப்பாரி வைத்துவிடக் கூடாது. எந்தப் பட்டியல், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, தகவல் சொல்பவரின் பெயரும் பதவியும் என்ன என்று நாலையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கை நடுங்கும், அதனால் எழுதுகிற வேலையைக் கல்லூரியில் படிக்கிற கொழுந்தனிடம் முன்கூட்டியே ஒப்படைத்து வைப்பது நல்லது.

உயிரிழப்பைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. தெரிந்திருக்க வேண்டியது இரண்டு. முதல் அறிக்கையில் 'பேட்டில் கேஷுவல்ட்டி' (சண்டையில் நேர்ந்தது) என்று இருக்கிறதா, 'ஃபிசிக்கல் கேஷுவல்ட்டி' (வேறு காரணத்தால் நேர்ந்தது) என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் சம்பளத்தில் 30 சதவீதம்; பணியோடு தொடர்புள்ள இறப்பு என்றால் 60; சண்டையில் என்றால் கடைசிச் சம்பளத்துக்கு இணையான தொகை. மத்திய அரசின் கருணைத் தொகையும் 2016-லிருந்து சூழ்நிலையைப் பொறுத்து 25, 35, 45 லட்சம் என்று வேறுபடுகிறது. இரண்டாவது, மறுமணம். வீரதீர விருதுக்கான மாதாந்தரப் படியை வாங்கும் விதவை மறுமணம் செய்தால், இறந்தவரின் சகோதரனைச் செய்தால்தான் படி தொடரும் என்று ஒரு விதி 2017 நவம்பர் வரைக்கும் இருந்தது. கொழுந்தனைக் கட்டிக்கொள் என்று அரசாங்கமே காகிதத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டார்கள். எடுத்தது பல வீடுகளுக்குத் தெரியாது, தெரிந்த வீடுகளில் சிலர் சொல்வதில்லை.

காணவில்லை என்று வருகிற தகவல் இவை எல்லாவற்றையும்விட மோசம். 1971 போரில் காணாமல் போன 54 பேரின் பட்டியல் இன்னமும் பேசப்படுகிறது. பொட்டு வைக்கலாமா கூடாதா என்று ஒரு பெண் எத்தனை வருடம் யோசிக்க முடியும்? கார்கிலில் மே 29-ம் தேதி விழுந்த திருச்சி மேஜர் சரவணனின் உடல் மலையிலிருந்து மீட்கப்பட ஒரு மாதத்துக்கும் மேலானது.

வேலித் தகராறு

போர்க்காலத்தில் எல்லையைவிட அதிகமாக வீட்டுக்காரியைத் தூங்கவிடாமல் செய்வது வரப்பு. ஆம்பிளை ஊரில் இல்லை என்று தெரிந்ததும் பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு முழம் உள்ளே வருவார். கேட்டால் கோர்ட்டுக்குப் போ என்பார், அல்லது அவரே கேஸ் போட்டு, எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை என்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கப் பார்ப்பார். இதற்கு நூறு வருடமாக ஒரு சட்டம் இருக்கிறது, இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம், 1925. போர்ச்சூழலில் பணியாற்றும் வீரர் வழக்கில் ஆஜராக முடியாதபோது நடவடிக்கையை நிறுத்தி வைக்க அது வழி செய்கிறது. வீரர் அங்கே வர இயலாத நிலையில் இருக்கிறார் என்று கலெக்டரே கோர்ட்டுக்குச் சான்று அனுப்பலாம். சில வக்கீல்களுக்கே இது நினைவில் இருப்பதில்லை, எடுத்துச் சொல்ல வேண்டும். மாறாக, வழக்கை நடத்தியே ஆக வேண்டும் என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 28-வது ஆணை உதவும்: லீவு கிடைக்காத வீரர், தன் கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்திட்டு, தனக்குப் பதிலாக மனைவி வழக்கு நடத்தலாம் என்று எழுதிக் கொடுக்கலாம். அதற்காக அவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை. அந்தத் தாள் தபாலில் வந்தால் அசலைக் கோர்ட்டில் கொடுக்கும் முன் இரண்டு நகல் எடுத்து வைக்க வேண்டும்.

மனு கொடுக்க ஓர் இடமும் உண்டு. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்ற பெயரைப் பார்த்து, அது ரிட்டையர் ஆனவர்களுக்கு என்று நினைத்துப் போகாமல் இருக்கிறார்கள். பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அதுதான் அலுவலகம். கலெக்டர் நடத்தும் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தில் அவர்கள் மனுவும் வாங்கப்படும். இரண்டு பிரதிகள், இரண்டிலும் படை எண், யூனிட் முகவரி, சர்வே எண். ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினால், கமாண்டிங் ஆபீசரிடமிருந்து கலெக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் கிளம்பும். இரண்டும் ஒரே மேஜையில் சேரும்போது தாசில்தார் ஆபீசில் ஃபைல் நகர ஆரம்பிக்கும்.

ஆகவே அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்புவோம். முறுக்கு ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார் நகல்கள், ஜாயின்ட் போட்டோ மூன்று, பாஸ்புக் முதல் பக்கம், பட்டா நகல். ஒரு நோட்டுத் தாளில் அவர் கையெழுத்தில் படை எண், யூனிட், ரெக்கார்டு ஆபீஸ், சுபேதார் சாப் நம்பர், எந்தக் காப்பீட்டில் யார் நாமினி. பெயர் மாற்ற விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து போட்டுத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், கேன்டீன் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். யூனிட் போய்ச் சேர்ந்து, கிளார்க்கிடம் கொடுத்து, ஆர்டர் வெளியாக நாள் பிடிக்கும். நகல் போனில் படமாக வரும். அதைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாக, ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் 'தமில்' என்று வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி எழுதச் சொல்ல வேண்டும்.